காகிதம் கைக்கு வந்த பிறகே பணம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிரெடிட் கார்டு நிலுவையைப் பேசி முடிப்பது பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

செல்லூர்: துண்டு நெய்யும் தறி வைத்திருக்கிறேன். தொழில் படுத்துவிட்டதால் எட்டு மாதமாகக் கார்டுக்குப் பணம் கட்டவில்லை. நிலுவை 1,20,000 ரூபாய். 55,000 கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று வசூல் முகவர் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் கடிதமும் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வங்கியின் சின்னம் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் இழுத்து ஒட்டியதுபோல் அகலமாகத் தெரிகிறது. உங்கள் கார்டின் கடைசி நான்கு எண்கள் எங்கும் இல்லை. மொத்த நிலுவை எவ்வளவு, அதில் தள்ளுபடி எவ்வளவு என்ற கணக்கும் இல்லை. பணம் அனுப்பச் சொல்லியிருக்கும் யு.பி.ஐ. முகவரி ஒரு தனிமனிதருடையது. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஆனால் பேரம் என்பது உண்மையிலேயே உண்டு. பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகைகூடக் கட்டாமல் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு, வந்தவரை போதும் என்ற மனநிலைக்கு வங்கி வருகிறது. இப்படிக் குறைத்துப் பேசி முடிக்கும் சமரசத் தீர்வு பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று விதிமுறை வெளியிட்டிருக்கிறது. அதன்படி ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஏற்ற கொள்கையை வைத்துக்கொண்டு முடிவு செய்யும். இத்தனை சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் எதுவும் கிடையாது. ஆகவே முதலில் தாமதக் கட்டணத்தையும் ஏறிய வட்டியையும் கழிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அசலைப் பற்றிப் பேசுங்கள். ஒரே தடவையில் கட்டுகிறேன் என்பவரின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். தறி ஓடாத காலத்தில் உங்களால் உண்மையில் புரட்டக்கூடிய தொகை எதுவோ, அதற்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தவணையில் ஒன்று தவறினாலும் பேசியதெல்லாம் ரத்தாகி, பழைய நிலுவை முழுவதும் திரும்பி வந்து நிற்கும்.

பேசி முடித்த பிறகு வரும் கடிதத்தில் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், ஒப்புக்கொண்ட தொகை, கடைசித் தேதி, இத்துடன் முழு நிலுவையும் தீர்ந்தது என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள், அல்லது கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் கேளுங்கள். அந்தக் கடிதம் தன்னுடையதுதான் என்று வங்கி சொன்ன பிறகு, பணத்தை நேராகக் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்காமல் விடாதீர்கள்.

அண்ணா நகர், மதுரை: என்னிடம் முழுத் தொகையும் இருக்கிறது. மூன்று மாதம் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால் பாதியாகக் குறைப்பார்கள் என்கிறார் நண்பர். செய்யலாமா?

கூடாது. பணம் இருக்கிறதென்றால் இன்றே முழுவதையும் கட்டுங்கள்.

திருமங்கலம்: ஐந்து வருடமாகக் குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். மளிகைக்கும் அதே கார்டுதான். 50,000 ரூபாய் நிலுவை அப்படியே நிற்கிறது. வங்கி ஏமாற்றுகிறதா?

அம்மா, சட்டப்படி ஏமாற்றவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு 1,750. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. ஆக 2,065 ரூபாய். பல வங்கிகள் கேட்கும் குறைந்தபட்சத் தொகை ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது 2,500. நீங்கள் கட்டியதில் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது 435 ரூபாய் மட்டும். அந்த மாதம் 435 ரூபாய்க்கு மேல் மளிகை வாங்கினீர்களா? கடன் ஏறிவிட்டது. போதாததற்கு, பழைய நிலுவை நிற்கும்வரை புதிதாக வாங்கும் துவரம்பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. 45 நாள், 50 நாள் வட்டியில்லை என்பதெல்லாம் முழுத் தொகையும் கட்டுகிறவருக்குத்தான்.

நம் ஊர்ப் பேச்சில் இது மூன்றரை வட்டி. தெருவில் ஒருவர் மூன்று வட்டி கேட்டாலே ஊர் முகம் சுளிக்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. வங்கியின் மூன்றரை வட்டியை அது தொடாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இனி வட்டிக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. பில்லில் எடுப்பாகத் தெரியும் 'குறைந்தபட்சத் தொகை' என்ற எண்ணைத்தான் மக்கள் கட்ட வேண்டிய தொகை என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். 2011-இல் டவுன்ஹால் ரோட்டில் 32,000 ரூபாய்க்கு ஒரு தொலைக்காட்சி வாங்கினேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடம் கழித்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பாக்கி நின்றது. கடைசியில் வீட்டு வளையல் இரண்டை அடகு வைத்துத்தான் மீண்டேன். அந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்த கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர் என்பதால் உங்களுக்குத் தள்ளுபடி பேச்சு பொருந்தாது. கார்டை இன்றே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வங்கி நகைக்கடனின் வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. நகை இருந்தால் அதை வைத்து இந்த 50,000-ஐ ஒரேயடியாக அடைத்துவிட்டு, மாதம் கட்டும் அதே 2,500-ஐ நகைக்கடனுக்குக் கட்டுங்கள். இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்குத் திரும்பிவிடும். நகை இல்லையென்றால் நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுதிக் கேளுங்கள்.

அவனியாபுரம்: இரண்டு கார்டும் நிரம்பிவிட்டன. மூன்றாவது கார்டு தருவதாகப் போன் வந்தது. அதில் பணம் எடுத்து முதல் இரண்டையும் அடைக்கலாமா? நல்ல செல்போன் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கிறது.

வேண்டாம். கார்டில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனியாகக் கட்டணமும் உண்டு. இதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். செல்போனைப் பற்றிக் கடன் தீர்ந்த பிறகு எழுதுங்கள்.

வில்லாபுரம்: இரவு ஒன்பது மணிக்கெல்லாம் வசூல் ஆட்கள் அழைக்கிறார்கள். என் மைத்துனர் கடைக்கும் போன் போட்டு, என்னை ஜெயிலுக்கு அனுப்புவோம் என்கிறார்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உறவினரை மிரட்டுவதற்கும் தடை இருக்கிறது. கார்டு நிலுவை சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் சிறை கிடையாது. ஆனால் காசோலை கொடுத்து அது திரும்பிவிட்டால் கதை வேறு, அது குற்ற வழக்காகும். அதனால் முகவர் கேட்டாலும் வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள்.

அழைப்பு வந்த நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். அடிப்போம் உதைப்போம் என்றால் காவல் நிலையத்துக்கே போங்கள்.

மேலூர்: கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்துக்கு 15,000 ரூபாய் கட்டணம் கட்டினேன். வங்கிக்குக் கட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். இப்போது போனை எடுப்பதில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

உங்கள்மேல் தவறில்லை. மூச்சு முட்டும் நேரத்தில் யார் கை நீட்டினாலும் பிடிக்கத் தோன்றும், அதை அறிந்தே இந்தக் கூட்டம் வருகிறது. முதலில் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பணம் இணைய வழியில் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, குறுஞ்செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

வங்கியோடு பேச இடைத்தரகர் தேவையே இல்லை. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், மக்கள் நீதிமன்றத்தில் இந்தக் கடனை எடுத்துக்கொள்ளும்படி மனுக் கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே பேசித் தீர்க்க அங்கே இடமுண்டு, கட்டணமும் கிடையாது. அங்கு எழுதிய தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடும் இல்லை.

கோ.புதூர்: இரண்டு வருடம் முன்பு பாதித் தொகைக்கு முடித்தேன். இப்போது வீட்டுக் கடன் மறுக்கிறார்கள். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று இருக்கிறதாம். ஏமாற்றுதானே?

இல்லை. முழுவதும் கட்டாமல் முடித்த கணக்கு அப்படித்தான் பதிவாகும். அடுத்து கடன் கொடுப்பவர் அதைப் பார்ப்பார். வீட்டுக் கடன் அவ்வளவு அவசியமென்றால், விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டிக் கணக்கை 'முடிந்தது' என்று மாற்றித் தருவார்களா என்று வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். முழுவதும் கட்டியும் தவறாகப் பதிந்திருந்தால் மட்டும் சண்டை போடுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

உசிலம்பட்டி: கணவர் மார்ச்சில் இறந்துவிட்டார். அவர் கார்டில் 80,000 பாக்கி. 30,000 கொடுத்தால் முடித்துவிடலாம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்று வீட்டுக்கு ஆள் வந்தார். எனக்கு நூறு நாள் வேலைதான் வருமானம்.

தங்கச்சி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அது அவர் பெயரில் வாங்கிய கடன். அவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வங்கி கேட்க முடியும். உங்கள் கூலியிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டால் அவர் கடனை உங்கள் கடனாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள். இறப்புச் சான்றிதழின் நகலோடு வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கார்டோடு காப்பீடு எதுவும் இருந்ததா என்றும் அதில் கேளுங்கள், சில கார்டுகளில் இருக்கும். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஆள் மறுபடி வந்தால் ரசீதைக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.