வயலினை எடுத்தாலே அழுகிறாள்

கேள்வி: என் பத்து வயது மகள் ஒரு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். வகுப்பில் உற்சாகமாக வாசிப்பவள், வீட்டில் சாதகம் (பயிற்சி) என்றதும் அழுகிறாள். தினமும் ஒரு மணி நேரம் கட்டாயமாக உட்கார வைப்பது சரிதானா?

பதில்: வேண்டாம். இருபது நிமிடம் போதும், ஆனால் நாள் தவறக்கூடாது. வகுப்பில் உற்சாகமாக இருப்பவளிடம் சோம்பல் இருக்க வாய்ப்பில்லை. அங்கே ஸ்வரம் விலகினால் ஆசிரியர் உடனே சொல்கிறார். வீட்டில் சொல்ல ஆளில்லை. வீணையில் இருப்பதுபோல, விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக்கட்டைகளும் வயலினில் கிடையாது. ஸ்வரம் சேர்கிறதா இல்லையா என்று தெரியாமலே வாசித்தால் யாருக்கும் சலிக்கும்.

அதை வயலினே காட்டிக்கொடுக்கும். தொடக்கப் பாடமான சரளி வரிசையில் (மாயாமாளவகௌளை ராகம்) ஸ ரி க ம இரண்டாம் தந்தியில், ப த நி ஸ முதல் தந்தியில். மேல் ஸட்ஜத்தை (அந்தக் கடைசி ஸ) மோதிர விரலில் பிடித்து நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். சுத்தமாகச் சேர்ந்தால், யாரும் தொடாத இரண்டாம் தந்தி தானாக அதிர்ந்து மங்கலாகத் தெரியும். வில்லை எடுத்த பிறகும் ரீங்காரம் சற்று நிற்கும். விரல் கொஞ்சம் விலகினாலே அந்த அதிர்வு அடங்கிவிடும். இதைப் பார்த்துவிட்ட குழந்தை தானே விரலை நகர்த்தித் தேடும். நடுவிரலும் மோதிர விரலும் க-ம, நி-ஸ இரண்டிலும் ஒட்டியே இருக்கும் என்பதையும் காட்டுங்கள். இரண்டு தந்திக்கும் ஒரே பிடிதான்.

இதற்குச் சுருதி சேர்ந்திருக்க வேண்டும். அவள் உட்காருமுன் தம்பூரா செயலியை ஓடவிட்டு நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து வையுங்கள். ஏசி அறையில் காற்று உலர்ந்து பிரடை (தந்தியை முறுக்கும் முளை) நழுவும். நான்கு தந்திக்கும் சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறு திருகாணி பொருத்திவிட்டால் உங்களுக்கே எளிது.

கீச்சிட்டால் வில்லைப் பாருங்கள். குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் சிறு பலகை) விரல்பலகைக்கும் நடுவில், குறுக்காக நேரே போகவேண்டும். வில்லில் தடவும் ரோசின் என்ற பிசின் நாலைந்து இழுப்பு போதும். குறைந்தால் வழுக்கும், மிஞ்சினால் கரகரக்கும். கை வலிக்கிறது என்றால் வயலினின் அளவைச் சரிபாருங்கள். இந்த வயதில் பலருக்கு முக்கால் அளவுதான் பொருந்தும்.

முதல் ஐந்து நிமிடம் நீண்ட வில்லில் ஸ-ப. அடுத்த பத்து நிமிடம் தடுக்குகிற ஒரே ஒரு வரி, முதல் காலத்தில் (மெதுவான வேகம்) மட்டும். கடைசி ஐந்து நிமிடம் அவளுடையது. சினிமாப் பாட்டாகவே இருக்கட்டும். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து யாரும் திருத்தக் கூடாது.