பொட்டு வைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போகலாமா?

கேள்வி: என்னோடு பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் தம் பேரனின் ஞானஸ்நானத்துக்கு அழைத்திருக்கிறார். பாளையங்கோட்டை ஊசிக் கோபுர ஆலயத்தில் ஞாயிறு காலை ஆராதனையிலேயே அது நடக்குமாம். இதுவரை எந்தத் தேவாலயத்துக்குள்ளும் நான் போனதில்லை. பொட்டும் பூவுமாகப் போனால் தவறாக நினைப்பார்களா? எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் போய் நிற்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: பொட்டோடும் பூவோடும் தாராளமாகப் போங்கள். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களில் பலர் பொட்டு வைப்பதில்லை என்பதால் உங்களைப் பார்த்ததுமே விருந்தாளி என்று கண்டுகொள்வார்கள்; அதன் விளைவு, யாராவது ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து உங்கள் கையில் தருவதாகவே இருக்கும். ஜெப வேளையில் பெண்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொள்வதைக் காண்பீர்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம், செய்யாவிட்டாலும் குற்றமில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் உண்டு. கணவரோடு போவதானால் உள்ளே நுழையுமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பைப் பொறுத்தவரை வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கோவிலுக்குப் பழகியவர்களுக்கு முதலில் புதிதாகத் தோன்றுவது நேரம். நாம் நினைத்த வேளையில் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம். ஆராதனையோ எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பது. முதல் மணி புறப்படச் சொல்லும், இரண்டாம் மணி தொடங்கப்போகிறது என்று சொல்லும். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாமதமாகிவிட்டால், சபையார் முழங்காலில் நின்று ஜெபிக்கும் நேரத்தில் நடுவே நடந்து போகாமல், அடுத்த பாட்டுக்கு எழும்வரை வாசலருகே நின்றுவிட்டு உள்ளே போவது நல்லது.

எழுவதும் அமர்வதும் பற்றிய உங்கள் கவலை தேவையற்றது. நீங்கள் போகும் ஆலயம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபினரை ஏற்கெனவே ஒன்றாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று அந்தத் திருச்சபை உருவானது. அதன் ஆராதனை முறை அச்சிட்ட புத்தகமாகவே இருக்கிறது. போதகர் ஒரு வரி சொல்ல, சபை ஒரு வரி சொல்லும். பாட்டுக்கு எழுவார்கள், வேத பாடத்துக்கும் பிரசங்கத்துக்கும் உட்காருவார்கள், பாவ அறிக்கைக்கு முழங்காலிடுவார்கள். முன்வரிசையைத் தவிர்த்து நடுவில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே எழுந்து அமர்ந்துவிடலாம். முழங்காலிட மனமில்லையென்றால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதே போதும். விசுவாசப் பிரமாணம் என்பது ‘நான் இன்னதை நம்புகிறேன்’ என்னும் அறிக்கை. நம்பாத ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, எழுந்து நின்றால் மரியாதை நிறைவேறிவிடும்.

பாட்டுகளுக்குச் சற்றுக் காது கொடுங்கள். பாமாலைப் பாட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்தவை. கீர்த்தனைகளோ பல்லவி, அனுபல்லவி, சரணங்களோடு நம் இராகங்களில் அமைந்தவை. தஞ்சை இரண்டாம் சரபோஜியின் காலத்தவரான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய கீர்த்தனை எதையாவது அன்று பாடினால், நம் சங்கீதம் கேட்டுப் பழகியிருந்தால் உங்களுக்கு அன்னியமான இடத்தில் இருப்பதாகவே தோன்றாது. ஜெபத்தில் இன்னொன்றையும் கவனிப்பீர்கள். நம் தேவாரமும் பாசுரமும் இறைவனைப் பெரும்பாலும் ‘நீ’ என்று உரிமையோடு விளிக்கின்றன. இவர்கள் ‘நீர்’, ‘உம்முடைய’ என்பார்கள். ‘ஸ்தோத்திரம்’, ‘கிருபை’, ‘இரட்சிப்பு’ என்று வடசொற்கள் அடிக்கடி விழுவதும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் தடம்தான். இந்த நடை எனக்குப் பிடிக்கும். இளையவர்கள் பலருக்குப் பிடிப்பதில்லை.

நடுவே அறிவிப்புகள் வரும், சில வேளை நீளமாகவே வரும். ‘ஓலை வாசிப்பது’ என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை சொல்வார் உண்டானால் தெரிவிக்கவும் என்று சபையறிய அறிவிப்பது. யாராவது எழுந்து தடை சொல்வார்களோ என்று நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஞானஸ்நானம் தொட்டியருகே நடக்கும். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையோடு நிற்க, போதகர் கேட்கும் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்ல, பிறகு அவர் குழந்தையைக் கையில் வாங்கிப் பெயர் சொல்லி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் தண்ணீர் வார்த்து, நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார். அந்த நொடியில் குழந்தை வீரிட்டு அழும். ஆலயம் முழுவதும் சிரிப்பு ஓடும். படம் எடுக்க விரும்பினால் முதலில் உங்கள் தோழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று திருவிருந்தும் இருந்தால் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, சமாதான வாழ்த்து. பக்கத்தில் இருப்பவர் தம் வலது உள்ளங்கையை உங்கள் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் அதை மூடுவார். நீங்களும் அவ்வாறே உங்கள் இடது கையால் மூடி, பிறகு அடுத்தவருக்குத் திரும்பித் தர வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். அப்பமும் திராட்சரசமும் பெறச் சபையார் வரிசையாக எழுந்து போகும்போது நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். அது கோவில் பிரசாதம்போல வந்தவர் எல்லாருக்கும் வழங்குவது அன்று. ஞானஸ்நானம் பெற்று, பிறகு தம் விசுவாசத்தைத் தாமே சபைமுன் உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலும் பெற்றவர்கள் ஏற்பது. எழாமல் இருப்பதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவர்கள் சபையிலேயே பலர் அன்றைக்கு எழாமல் இருப்பதுண்டு. காணிக்கைப் பை வரும்போது விருப்பமானதைப் போடலாம், அல்லது அப்படியே அடுத்தவர் கைக்குத் தள்ளிவிடலாம்.

கேள்வி: மாதா கோவில் ஒன்றில் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்களே என்று நானும் நின்று, குருவானவர் தந்த வெள்ளை அப்பத்தைக் கையில் வாங்கிவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜையறையில் வைத்தேன். பாவமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அறியாமல் செய்ததைப் பாவக் கணக்கில் எழுத வேண்டாம். ஆயினும் கத்தோலிக்கர்கள் திருப்பலியில் அந்த அப்பத்தை இயேசுவின் உடலாகவே நம்புகிறார்கள். அதனால்தான் அது வெளியே போவதை அவ்வளவு கண்டிப்பாகத் தவிர்க்கிறார்கள். அருகிலுள்ள கத்தோலிக்க ஆலயத்துக் குருவானவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிடுங்கள். எப்படிக் கையாள்வதென்று அவருக்குத் தெரியும். இன்னொரு முறை போகும்போது வரிசை எழுந்தால் காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருங்கள். அதே திருப்பலியில் சமாதானம் பகிரும்போது, நம் நாட்டில் பெரும்பாலும் கை கூப்பித் தலை தாழ்த்துவார்கள்; அது உங்களுக்குப் பழகியதுதான்.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணன் தங்கள் பெந்தெகொஸ்தே சபைக்கு ஒருநாள் வந்து பார்க்கச் சொல்கிறார். அங்கே சத்தம் அதிகமாமே?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: சத்தம் அதிகம்தான். கையில் புத்தகம் இராது. கைதட்டிப் பாடுவார்கள், ஒரே நேரத்தில் எல்லாரும் வாய்விட்டு ஜெபிப்பார்கள், ‘அந்நிய பாஷை’ என்று அவர்கள் சொல்லும் பொருள் விளங்காத சொற்களும் கேட்கும், யாரேனும் எழுந்து தம் நோய் தீர்ந்த கதையைச் சாட்சியாகச் சொல்வார்கள். முதல் முறை வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயர் கேட்கும் வழக்கம் சில சபைகளில் உண்டு. கூச்சமாக இருந்தால் அண்ணனிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். முடிவில் ஜெபம் தேவைப்படுவோரை முன்னால் அழைப்பார்கள். யாராவது வந்து, தலையில் கை வைத்து ஜெபிக்கட்டுமா என்று கேட்டால், விருப்பமிருந்தால் சரி என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ‘இருக்கட்டும் ஐயா, இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடலாம்.