15 ஆயிரம் ரூபாயில் நல்ல கிதார் டோன்: பிக்கப் மாற்றவா, பெடல் வாங்கவா?

கேள்வி: என்னிடம் ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட் எலக்ட்ரிக் கிதாரும் 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப்பும் இருக்கின்றன. டிஸ்டார்ஷன் போட்டால் கொசு ரீங்காரம் மாதிரி வருகிறது, போதாததற்கு ஒரே இரைச்சல். கையில் 15 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்) மாற்றுவதா, நல்ல ஓவர்டிரைவ் பெடல் (காலால் அழுத்திச் சத்தத்தை முறுக்கேற்றுகிற பெட்டி) வாங்குவதா?

பதில்:

இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு.

பிக்கப் மாற்றினால் வித்தியாசமே தெரியாது என்று சொல்லவில்லை. தெரியும். ஆனால் நீங்கள் சொல்கிற கொசு ரீங்காரத்துக்கு முக்கியக் காரணம் ஆம்ப்பில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர். அதை அப்படியே வைத்துக்கொண்டு எவ்வளவு விலையுள்ள பிக்கப்பை மாட்டினாலும் அந்தக் கொசு போகாது.

பாட்டு கேட்கிற ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையையும் சீராகக் கொடுக்க வேண்டும். கிதார் ஸ்பீக்கர் அப்படிச் செய்யப்பட்டதே இல்லை. 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சடாரென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையை வெட்டுவது. வெட்டினால் மேலே மேலே ஏராளமான ஹார்மோனிக்ஸ் முளைக்கும், அவைதான் காதை அரிக்கிற சத்தம். 12 அங்குல ஸ்பீக்கர் அதைச் சல்லடை மாதிரி அரித்துவிட்டு, கேட்க இதமான பகுதியை மட்டும் வெளியே விடுகிறது. பிராக்டிஸ் ஆம்ப்பின் சின்ன ஸ்பீக்கரும் அதன் குட்டிப் பெட்டியும் அடியில் பாஸைத் தருவதில்லை, மேலே அரிப்பையும் சரியாக அடக்குவதில்லை. மிஞ்சுவது நீங்கள் கேட்கிற அதே சத்தம்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால், உங்கள் ஆம்ப்பில் ஸ்பீக்கர் ஒயர் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால், பக்கத்து ஜாம் ரூமில் கேட்டு ஒரு 12 அங்குல கேபினெட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) இணைத்துப் பாருங்கள். நான் என் சின்ன ஆம்ப்பை ஒரு செலஸ்டியன் விண்டேஜ் 30 கேபினெட்டில் மாட்டிப் பார்த்திருக்கிறேன். கிதார் அதேதான், கேபிள் அதேதான், நாப் எதையும் தொடவில்லை. தடித்த லோ ஈ கம்பியைப் பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்கி) அடித்ததும் அந்த 'தக்' அடிவயிற்றில் வந்து விழுந்தது. அதுவரை அந்த ஆம்ப்பில் அப்படியொரு சத்தம் ஒளிந்திருந்ததே தெரியாது. ஒரு எச்சரிக்கை: ஆம்ப்பின் பின்னால் எழுதியிருக்கிற ஓம் அளவுக்குக் குறைவான ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப் சூடாகிப் போய்விடும். வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது) என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது, உள்ளே திறந்து கைவைக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைச் சாய்க்கிற மின்சாரம் நிற்கும்.

ஸ்பீக்கருக்கு எவ்வளவு பங்கு என்பதற்குப் பழைய சாட்சிகள் உண்டு. கிங்க்ஸ் ராக் குழுவின் கிதாரிஸ்ட் டேவ் டேவிஸ் 1964இல் எல்பிகோ என்ற மலிவான சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை ரேசர் பிளேடால் கிழித்துவிட்டார். பலரும் ஃபஸ் பெடலில் (சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடல்) தேடுகிற மாதிரியான சத்தம் அந்தக் கிழிசலில் பிறந்தது. குவீன் குழுவின் ஜான் டீக்கன் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துப் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் வைத்து ஒரு ஆம்ப் செய்தார். பேட்டரியில் ஓடுகிற அதைத்தான் அதே குழுவின் கிதாரிஸ்ட் பிரையன் மே ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் பயன்படுத்தினார். விலைப் பட்டியலைப் பார்த்து டோன் தேடியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

மரம் பற்றி யாராவது உங்களிடம் மூச்சுவிடாமல் பேசுவார்கள். ஆல்டரா, மகோகனியா என்று. எலக்ட்ரிக் கிதாரைப் பொறுத்தவரை அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. அமெரிக்காவின் நாஷ்வில்லைச் சேர்ந்த கிதாரிஸ்ட் ஜிம் லில் கிதார் உடலே இல்லாமல் கம்பிகளை வெறுமனே இழுத்துக் கட்டி, பிக்கப்பை நடுவில் நிறுத்தி வாசித்துக் காட்டியிருக்கிறார். யூடியூபில் கிடைக்கும், மரம் இல்லாதது தெரிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

சரி, பணத்தை என்ன செய்வது? முதலில் அதிகச் செலவில்லாத வேலை. புதுக் கம்பி போடுங்கள். கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துச் சத்தம் செத்துவிடும். அப்புறம் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து பிக்கப் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிப் பிடித்தால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தடித்த கம்பிகள் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம். ஸ்ட்ராட்டில் பிக்கப்பை மிக நெருக்கமாக ஏற்றினால் அதன் காந்தம் கம்பியை இழுக்கும், மேல் ஃப்ரெட்களில் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைகிற மாதிரி கேட்கும். அரைச் சுற்று இறக்குங்கள், கேளுங்கள், மறுபடி அரைச் சுற்று. பிக்கப் மாற்றினால்தான் தீரும் என்று நினைத்த குறைகளில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கெயினைப் (டிஸ்டார்ஷனின் அளவை) பாதியாகக் குறையுங்கள். ரெக்கார்டிங்கில் கேட்கிற கனமான கிதார் பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த கெயினில், ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து இடமும் வலமுமாக வைத்தது. கூடவே நடுச்சத்தத்தைக் கூட்டுகிற மிட் நாப்பை ஏற்றுங்கள். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது நம் காதுக்குப் பாஸும் (அடிச்சத்தம்) ட்ரெபிளும் (உச்சச்சத்தம்) குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். அதனால் நாம் பாஸ் 8, மிட் 2, ட்ரெபிள் 8 என்று வைத்துக்கொண்டு தனியாகக் கேட்டுப் பூரித்துப் போகிறோம். அதே செட்டிங்கோடு டிரம்ஸும் பேஸ் கிதாரும் இருக்கிற அறைக்குப் போனால் கிதார் காணாமல் போகும். அடியில் பேஸ் கிதார் உட்கார்ந்திருக்கும், மேலே சிம்பல். நமக்கு மிச்சமிருப்பது நடுப்பகுதிதான். டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை இத்தனை பேர் கொண்டாடுவதன் ரகசியமும் இதுதான். அதன் டிஸ்டார்ஷன் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் பாஸை வெட்டி நடுவைத் தூக்கிவிடும்.

இப்போது பணம். உங்களிடம் கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு அடிப்படை ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிதாரைக் கணினியோடு இணைக்கிற பெட்டி), ஒரு உருப்படியான ஒயர் ஹெட்போன் (புளூடூத் வேண்டாம், வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே தாமதம் வரும்) இரண்டையும் இந்தத் தொகைக்குள் தேற்றிவிடலாம். ஆம்ப்பின் சத்தத்தைக் கணினியிலேயே தருகிற நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். அதோடு ஐஆர் கோப்பு ஒன்றைச் சேருங்கள். உண்மையான ஒரு கேபினெட்டையும் அதன் முன் வைத்த மைக்கையும் அளந்து எடுத்த பதிவு அது, இலவசமாகவே நிறைய கிடைக்கிறது. டிஸ்டார்ஷனை ஓடவிட்டு ஐஆரை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். உங்கள் கொசு திரும்பி வரும். மறுபடி போடுங்கள், போய்விடும். நான் மேலே ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னதை இரண்டு கிளிக்கில் நீங்களே கேட்டுவிடலாம். கணினி பிடிக்காது என்றால் பழைய 12 அங்குல ஸ்பீக்கர் கேபினெட் ஒன்று தேடுங்கள். பெடலுக்கு அதற்கப்புறம் வாருங்கள்.

கேபிளில் பெரிதாகக் கொட்ட வேண்டாம், ஆனால் தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள். நீளம் கூடக்கூட அதன் கெப்பாசிட்டன்ஸ் (மின்னைத் தேக்குகிற தன்மை) ட்ரெபிளைத் தின்னும். வீட்டுக்கு 3 மீட்டர் தாராளம்.

கடைசியாக அந்த இரைச்சல். ஸ்ட்ராட்டில் இருப்பது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், சுற்றியிருக்கிற 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையெல்லாம் ஆண்டெனா மாதிரி பிடிக்கும். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பை வடிவமைத்தது இதை ஒழிக்கத்தான். நீங்கள் உட்கார்ந்தபடி மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் அமுங்கும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வையுங்கள், அல்லது ஃபேனை நிறுத்துங்கள். கிதாரில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கிற சுவிட்சை 2 அல்லது 4ஆம் இடத்தில் வைத்தால் பெரும்பாலான இன்றைய ஸ்ட்ராட்களில் இந்த ஹம் இரைச்சல் தானாகவே குறையும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் தொடும்போது விரலில் சுருக்கென்று ஷாக் அடித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகும் செலவை 15 ஆயிரத்திலிருந்து முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் மற்றதை வாங்குங்கள்.