கல்வி உளவியலாளர் என் மகளைப் பார்ப்பதற்குப் பாடசாலை அனுமதி கேட்கிறது, கையொப்பமிடலாமா?

லண்டனில் நான்காம் ஆண்டில் படிக்கும் உங்கள் மகள் சில மாதங்களாகக் காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் பாடசாலைக்குப் போக மறுக்கிறாள் என்றும், உடலில் ஒரு குறையும் இல்லை என்று குடும்ப மருத்துவரான ஜிபி சொல்லிவிட்டார் என்றும், சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான சென்கோ ஆசிரியை கல்வி உளவியலாளருக்கான அனுமதிப் படிவத்தைக் கையில் தந்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "கையெழுத்து வைத்தால் பிள்ளைக்கு மனநோய் என்று பதிந்துவிடுவார்கள், பிறகு அது காலத்துக்கும் அழியாது" என்று மாமி தடுப்பதாகவும் சொல்கிறீர்கள். கையொப்பமிடலாம் என்பதே என் பதில். ஆனால் கையொப்பத்தோடு உங்கள் வேலை முடிந்துவிடாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் உளவியலாளர் அல்ல. லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். கல்வி உளவியலாளர்களிடம் பயிற்சி பெற்று, அவர்களுடைய மேற்பார்வையில் பிள்ளைகளுடன் வேலை செய்கிறேன்.

முதலில் மாமியின் பயத்துக்கு வருவோம். கல்வி உளவியலாளர் மனநல மருத்துவர் அல்லர். அவர் மருந்து எழுதுவதில்லை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருப்பதைப் பார்த்து நம்மவர்கள் பலர் கலங்கிப்போகிறார்கள். இங்கிலாந்தில் இத்தொழிலுக்கு வருகிறவர்கள் உளவியல் பட்டமும் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவமும் பெற்ற பிறகு மூன்றாண்டு முனைவர் பட்டம் படிக்க வேண்டியிருப்பதால் வருகிற 'டாக்டர்' அது. 'கல்வி உளவியலாளர்' என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது என்பதால், எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இல்லாத ஒருவர் அப்பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். வெறுமனே 'உளவியலாளர்' என்று போட்டுக்கொள்வதற்கு அத்தகைய தடை இல்லை. ஆகவே தனியாகப் பணம் கட்டி யாரையாவது பார்க்க நினைத்தால் பதிவேட்டைப் பாராமல் போகாதீர்கள்.

அவர் எழுதும் அறிக்கை பாடசாலையின் சிறப்புத் தேவைக் கோப்பில் இருக்கும். மகள் இடைநிலைப் பாடசாலைக்குப் போகும்போது கோப்பும் கூடவே போகும். பரீட்சைச் சான்றிதழில் அதன் சுவடு எதுவும் இராது. வேறு யாருடன் பகிரப்படும் என்பது படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதால் அந்தப் பகுதியை அவசரமின்றி வாசியுங்கள். பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவந்தால் மட்டும் பாடசாலையில் வேலை செய்கிற எவரும், நானும் உட்பட, அதை மறைத்து வைக்க முடியாது.

இருந்தாலும் மாமியின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. இந்த நாட்டில் இத்தொழில் தொடங்கியதே பிள்ளைகளைத் தரம் பிரிப்பதற்காகத்தான். 1913இல் லண்டன் மாவட்ட மன்றம் சிரில் பர்ட் என்பவரை உளவியலாளராக நியமித்தது. பாடசாலைகள் அனுப்பும் பிள்ளைகளைச் சோதித்து, சாதாரண வகுப்பில் வைத்திருக்கக்கூடியவர் யார், சிறப்புப் பாடசாலைக்குப் போக வேண்டியவர் யார் என்று சொல்வது அவருடைய முக்கிய வேலையாக இருந்தது. நுண்ணறிவு பிறவியிலேயே வருவது என்று அவர் இறுதிவரை வாதித்தார். 1971இல் இறந்த பின்னர் அவருடைய இரட்டையர் ஆய்வுத் தரவுகள்மீது கடும் ஐயங்கள் எழுந்தன. அதே 1971இல்தான் கிரெனடாவில் பிறந்து லண்டனில் ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட், கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனைகளின் பெயரால் 'கல்வியில் தாழ்நிலையினர்' பாடசாலைகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பப்படுவதை ஒரு சிறு நூலில் எழுதி அம்பலப்படுத்தினார். வந்தேறிய குடும்பங்களுக்கு இந்தப் படிவத்தைக் கண்டால் கை நடுங்குவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. அந்த வகைப்பாடுகளை 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நீக்கியது. (அந்தக் காலத்துச் சோதனைகளின் வழிவந்த பதினொரு வயதுத் தேர்வுக்காகத்தான், அதை வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் பாடசாலைகள் உள்ள சட்டன், பார்னெட் பகுதிகளை நினைத்து, நாம் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறோம் என்பதையும் மாமியிடம் சொல்லிப் பார்க்கலாம்.)

இன்று கல்வி உளவியலாளர் வந்தால் என்ன செய்வார்? மகளை ஓர் அறையில் தனியே உட்காரவைத்து மணிக்கணக்கில் சோதிப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அப்படி நடக்காது. கற்றலில் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் சோதனைகள் உண்டு; மனவெழுச்சி சார்ந்த சிக்கல்களில் அவர் பொதுவாக வகுப்பாசிரியை, சென்கோ, பெற்றோர் ஆகியோரோடு உட்கார்ந்து பேசுவதில் தொடங்குவார். பிறகு பிள்ளையைப் பார்ப்பார். பார்ப்பது என்றால் உண்மையில் தூரத்தில் இருந்து பார்ப்பதுதான்.

அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். மதிய உணவுக்குப் பிறகு வரும் கணித வகுப்பில் ஒரு பையன் மேசையைத் தள்ளிவிட்டு வெளியே ஓடுவது வழக்கமாகிவிட்டது. அவனுக்குக் கணிதம் வராததுதான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டு, இலகுவான பயிற்சித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். வந்த உளவியலாளர் கணித வகுப்புக்குப் போகவில்லை. சாப்பாட்டு மண்டபத்துக்குப் போக வேண்டும் என்றார். பையன் தட்டைக் கையில் ஏந்தியபடி மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உட்கார இடம் கேட்கத் தயங்கி, தட்டுகளைக் கழிக்கும் வாளிக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, விளையாட்டுத் திடலில் வேலியோரமாகவே நடந்து நேரத்தைக் கழித்ததை அவர் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதன் பிறகு கூடிப் பேசியபோது எடுத்த முடிவுகள் மிகச் சாதாரணமானவை. இரண்டு பிள்ளைகளோடு ஒரு சின்ன மேசையில் அவனுக்கு நிரந்தர இடம், தண்ணீர்க் குவளைகளை மேசைகளுக்குக் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பு, கணிதத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நூலகத்தில் அமைதியாக இருப்பதற்கு அனுமதி, அவ்வளவுதான். ஓட்டம் முற்றாக நிற்கவில்லை. ஆனால் நன்றாகக் குறைந்தது. பையனை யாரும் 'சிகிச்சை' செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மாற்றிக்கொண்டவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தான், அந்தத் தொழிலின் பெரும்பகுதியும் இதுதான் என்பது என் எண்ணம்.

பிள்ளையோடு நேரே பேசும்போதும் "ஏன் வர மாட்டேன் என்கிறாய்?" என்று அவர்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எட்டு வயதுப் பிள்ளையிடம் விடை இருந்தால் வயிற்றுவலிக்குத் தேவையே இருந்திராது. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நீ ஒருபோதும் ஆக விரும்பாத ஒரு பிள்ளையை வரை என்பார்கள். அவளுடைய பைக்குள் என்ன இருக்கும், வீட்டில் எப்படி இருப்பாள், எதற்கு மிகவும் பயப்படுவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய பின், நீ ஆக விரும்பும் பிள்ளையை இன்னொரு தாளில் வரையச் சொல்வார்கள். கடைசியில் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டு, இன்றைக்கு நீ எந்த இடத்தில் நிற்கிறாய் என்று புள்ளி வைக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு மனிதரும் தம் உலகத்துக்குத் தாமே பொருள் கொடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே அந்தப் பொருளை அவர்களிடமே கேட்டறிய வேண்டும் என்று 1955இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வந்த முறை இது. 'ஆக விரும்பாத பிள்ளை' படத்தில் என்ன வருகிறது என்று பார்த்தால் சில சமயம் எங்களுக்கே பேச்சு வராது.

ஆனால் கல்வி உளவியலாளர் அடிக்கடி வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களில் பெரும்பாலானோர் உள்ளூராட்சி மன்றமாகிய கவுன்சிலில் வேலை செய்கிறார்கள். பல இடங்களில் பாடசாலை தன் பணத்தில் அவர்களுடைய நேரத்தை வாங்க வேண்டியிருப்பதால், ஒரு பாடசாலைக்கு ஒரு தவணையில் சில மணி நேரமே கிடைக்கும். அதனால்தான் அவர்கள் பாடசாலைக்குள்ளேயே ஆட்களைப் பயிற்றி வைக்கிறார்கள். பிள்ளைகளின் மனவெழுச்சிச் சிக்கல்களில் உதவுவதற்காக என்னைப் போன்றவர்கள் பெறும் எல்சா பயிற்சி, ஷீலா பர்ட்டன் என்ற கல்வி உளவியலாளர் சவுத்தாம்ப்டனிலும் பிறகு ஹாம்ப்ஷயரிலும் வளர்த்தெடுத்தது. இன்று நாட்டின் பல பகுதிகளில் உண்டு. பயிற்சி என்னவோ ஐந்தாறு நாள்தான். அதன் பலம் பிறகு வருவதில் இருக்கிறது. ஒவ்வொரு அரைத் தவணையிலும் நாங்கள் சிலர் கூடி, ஓர் உளவியலாளர் முன்னிலையில், எந்தப் பிள்ளையோடு எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று பேச வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஒரு பிள்ளையோடு இருப்போம். உணர்ச்சிகளுக்குப் பெயர் வைப்பது, அவை உடம்பில் எங்கே தெரிகின்றன என்று ஓர் உருவப்படத்தில் நிறம் தீட்டுவது, எழுதிய கவலைத் துண்டை அடுத்த சந்திப்பு வரை பெட்டிக்குள் போட்டு மூடுவது என்று வேலைகள் இருக்கும். வயிற்றில் நிறம் தீட்டும் பிள்ளைகள் நிறையப் பேர். உங்கள் மகள் நடிக்கிறாள் என்று வீட்டில் யாராவது சொன்னால் மறுத்துப் பேசுங்கள். பயத்தில் வரும் வயிற்றுவலியும் உண்மையில் வலிக்கத்தான் செய்யும்.

பாடசாலைக்குப் போக மறுக்கும் பிள்ளைகளில், பாடசாலையிலிருந்து தள்ளுவது எது, வீட்டை நோக்கி இழுப்பது எது என்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். ஆகவே கூட்டத்துக்குப் போகும்போது வீட்டுப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அண்மையில் வீடு மாறினீர்களா, ஊரில் யாராவது இறந்தார்களா, தகப்பனுக்கு இரவு வேலையா, வார நாட்களில் பதினொரு வயதுத் தேர்வு டியூஷனும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் அதற்கு மேல் நடன வகுப்புமாகப் பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டியவை. எந்தக் கிழமையில் வலி கூடுகிறது, விடுமுறையில் வருகிறதா, ஞாயிறு மாலையிலேயே தொடங்கிவிடுகிறதா என்று இப்போதே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை விடப் பயனுள்ள ஒன்றைப் பெற்றோர் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மூத்த பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தங்கையைப் பற்றித் தாய் அழுதுகொண்டு சொல்வதை ஆங்கிலமாக்கும் சுமை ஒரு பிள்ளைக்கு வேண்டாம்.

உளவியலாளர் வரும்வரை பாடசாலை கைகட்டிக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் நாள் கூடக்கூடத் திரும்பிப் போவது கடினமாகும். வராத நாட்கள் அதிகரித்தால் அபராதக் கடிதம் வரவும் கூடும். வாசலில் அவளை வரவேற்க ஒருவர், தேவைப்பட்டால் சற்றுத் தாமதமாகவோ வேறு வாசலாலோ வருவது போன்ற ஏற்பாடுகளுக்கு யாருடைய அறிக்கையும் தேவையில்லை. இதைச் சென்கோவிடம் இந்த வாரமே கேளுங்கள். பாடசாலைகளோடு இணைந்த மனநல ஆதரவுக் குழு உங்கள் பகுதியில் இருந்தால், மிதமான பதற்றத்துக்கு அவர்கள் கல்வி உளவியலாளரை விட விரைவாகக் கிடைக்கலாம்.

அவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால், பிள்ளைக்கு வேண்டிய கூடுதல் உதவியைச் சட்டப்படி உறுதிசெய்யும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டை 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின்படி பெற்றோரே கவுன்சிலிடம் நேரடியாகக் கேட்கலாம். பாடசாலை கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதில் கல்வி உளவியலாளரின் ஆலோசனை கட்டாயம். முழு நடைமுறையும் 20 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி; உளவியலாளர் பற்றாக்குறையால் பல கவுன்சில்கள் அதைக் காப்பாற்றுவதில்லை. இந்த மதிப்பீட்டு அறிக்கைகளை எழுதுவதிலேயே உளவியலாளர்களுடைய காலம் கரைந்து, நான் மேலே சொன்ன சாப்பாட்டு மண்டப வேலைக்கு நேரமில்லாமல் போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள மனக்குறை.

கூட்டம் முடிந்து எழும்புவதற்கு முன், எழுதியிருக்கும் ஒவ்வொரு யோசனைக்கும் அருகில் அதைச் செய்யப்போகிறவரின் பெயரும், மறுபடி கூடிப் பார்க்கும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமாரிக்குள் போய்விடும் நல்ல அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லாதவையே அவை. படிவத்தில் பெற்றோரின் கருத்துக்கென்று இருக்கும் கட்டத்தை வெறுமையாக விடாமல், மகளுக்கு எது பிடிக்கும், யாரோடு இருந்தால் சிரிப்பாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் மொழிபெயர்த்துக்கொள்வீர்களா என்று சென்கோவிடம் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்.