விலங்கியல் படித்தவர் தடுப்பூசி தயாரிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் இராமநாதபுரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். “அதெல்லாம் டாக்டர்களின் வேலை, நண்டையும் மீனையும் அறுத்துப் பார்ப்பவளுக்கு என்ன தெரியும்?” என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: வால்டெமர் ஹாஃப்கினைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி தயாரித்த அவர் மருத்துவர் அல்லர். ஒடெசாவில் விலங்கியல் படித்தவர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் முதலில் அவருக்குக் கிடைத்தது நூலக வேலைதான். அங்கிருந்தபடியே உருவாக்கிய காலரா தடுப்பூசியை 1892 ஜூலையில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பம்பாயில் பிளேக் பரவியபோது தயாரித்த ஊசியையும், 1897 ஜனவரி 10 அன்று, முதலில் தமக்கே போட்டுக்கொண்டார்.

அதற்குப் பின் நடந்ததைத்தான் உங்கள் மகள் கவனமாகப் படிக்க வேண்டும். 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், ஒரே புட்டியிலிருந்து பிளேக் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் (மண்ணில் இருக்கும் கிருமி உடலில் புகுவதால் வரும் இசிவு நோய்) கண்டு இறந்தனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பதவி பறிபோனது. புட்டியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அவர் அதைத் தீயில் காட்டாமல் கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு அதனாலேயே தக்கையைப் பிடுங்கியதும் விசாரணைச் சாட்சியங்களில் பதிவாகியிருந்தும், மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1907-இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் வாதாடிய பிறகே அவர் குற்றமற்றவர் என அரசு ஏற்றது. அவர் இழந்த ஆண்டுகளை யாரால் திருப்பித் தர முடியும்? இந்தத் தொழிலில் புகழைவிட இந்த ஆபத்தே பெரிது என்பது என் எண்ணம்.

இனி, படிப்பு. பட்டம் முடித்தபின் நுண்ணுயிரியலிலோ உயிரித்தொழில்நுட்பத்திலோ எம்.எஸ்சி. சேரலாம், நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு நல்கை) பெற்றால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாத உதவித்தொகை உண்டு. கிண்டியில் நோய்த்தடுப்பு ஆய்வுக்கான கிங் நிறுவனமும், 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அனுமதி பெற்று ஒருமுறை நேரில் பார்த்து வரட்டும்.

உங்கள் ஊர் இதற்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினார்கள். கேலி செய்யும் உறவினர்களின் பாட்டனார் எவருக்கேனும் கையில் அந்தத் தழும்பு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.