ஷெட்டில் கிடந்த இன்ஜினை வாங்கலாமா?

கேள்வி: இரண்டு பேர் உட்காரும் மரச்சட்ட விமானம் ஒன்றை வரைபடத்தை வைத்து நானே கட்டி வருகிறேன். இறக்கை மேலே, அதைத் தாங்க ஸ்ட்ரட் என்ற சாய்வுக் கம்பி வைத்த பழைய பாணி. 65 முதல் 85 குதிரைத்திறன் வரை பொருத்தலாம் என்கிறார் வடிவமைப்பாளர். ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) முடிந்து 300 மணி நேரமே ஓடிய கான்டினென்டல் ஏ-65 விமான இன்ஜின் மலிவாக வருகிறது. ஆனால் 12 வருடமாக ஓடவில்லை. அதைவிட மலிவாக, விமானத்துக்கென்று மாற்றிய ஃபோக்ஸ்வேகன் கார் இன்ஜினும் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: ஏ-65தான் என் தேர்வு. ஆனால் வாங்கியதும் மாட்டிப் பறந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஃபோக்ஸ்வேகன் மோசமான இன்ஜின் இல்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போனால்தான் அது முழு சக்தியைக் காட்டும், அந்த வேகத்தில் சின்ன புரொப்பெல்லரைத்தான் சுற்ற முடியும். வழவழப்பான, வேகமான சிறு விமானத்துக்கு அது சரி. காற்றுத்தடை அதிகமுள்ள உங்கள் விமானம் மெதுவாக ஏறும்போது தேவைப்படுவது பெரிய புரொப்பெல்லர். ஏ-65 தன் 65 குதிரைத்திறனை 2,300 சுற்றிலேயே கொடுத்துவிடும். ஆறடி புரொப்பெல்லரைத் தாராளமாகச் சுற்றும்.

சரி, அந்த 300 மணி நேரக் கணக்குக்கு வருவோம். விற்பவர் அதைத்தான் அழுத்திச் சொல்வார். நீங்கள் பார்க்க வேண்டியது 12 வருடத்தை. ஓடாத இன்ஜினில் எண்ணெய் வடிந்துபோய், ஈரம் உட்கார்ந்து, சிலிண்டர் சுவரிலும், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்டிலும் துரு பிடிக்கும். “வாரம் ஒருமுறை கையால் சுற்றி வைத்தேன்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது நல்லதே இல்லை. மிச்சமிருந்த எண்ணெய்ப் படலத்தையும் அது வழித்துவிடும், புது எண்ணெயும் மேலே வராது. ஒரு ஆறுதல்: சிறிய கான்டினென்டல்களில் கேம் ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே, எண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. லைகமிங் நிறுவனத்தின் ஓ-235 போன்ற இன்ஜின்களில் அது மேலே இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். இதே 12 வருடம் ஒரு லைகமிங் கிடந்திருந்தால் நான் இன்னும் அதிகம் பயப்படுவேன்.

பணம் கொடுப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டு நான்கு சிலிண்டரையும் பாருங்கள். அப்புறம் ஒரு சிலிண்டரையாவது கழற்றச் சொல்லுங்கள். உள்சுவரில் பழுப்புக் கறை இருந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அது வெறும் கறை, தேய்த்தால் போய்விடும். நகம் சிக்கினால் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதே திறப்பு வழியாக டார்ச் அடித்து கேம் ஷாஃப்டில் மேடாக நிற்கும் கேம் முனைகளையும் பார்த்துவிடுங்கள். ஒருமுறை நான் பார்த்த இன்ஜினில் நான்கு சிலிண்டரும் கண்ணாடி மாதிரி இருந்தன, கேம் முனையில் மட்டும் ஊசி குத்தியது போலப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் பிறகு செதிலாகப் பெயர்ந்து எண்ணெயில் இரும்புத் துகளாக ஓடும்.

இன்ஜினின் உயிர் கிராங்க் ஷாஃப்ட். புரொப்பெல்லர் மாட்டும் முனையில் டயல் கேஜ் (நுண்ணிய அளவுமானி) வைத்து மெல்லச் சுற்றி, வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் அடித்ததா என்று லாக் புக்கில் தேடுங்கள். இன்ஜின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணும் லாக் புக்கில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். சிலிண்டர், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ, பேரிங் எல்லாவற்றையும் காசு சேரச் சேர மாற்றிக்கொள்ளலாம். கிராங்கில் விரிசல் இருந்தாலோ, கடைந்து கடைந்து அளவு குறைந்திருந்தாலோ மலிவாக வாங்கியதில் லாபமே இல்லை. அதனால் விலையை “300 மணி நேர இன்ஜின்” என்று பேசாதீர்கள். முழு ஓவர்ஹால் செய்ய வேண்டிய இன்ஜின் என்றே பேசுங்கள். கிராங்கை, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்பும் செலவும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். ஏ-65இல் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் கிடையாது, புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். தெரிந்தவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளாமல், சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல், வால் பக்கத்தைக் கட்டாமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இது வேண்டாம் என்றால், ஸ்டார்ட்டர் பொருத்த இடமுள்ள கான்டினென்டல் சி-85-12 கிடைக்கும்வரை காத்திருங்கள், அதுவும் உங்கள் வரம்புக்குள்தான் வருகிறது. அடுத்தது, இந்த இன்ஜின்களின் கார்புரேட்டரில் பனி சுலபமாகப் பிடிக்கும். எடை குறைக்கிறேன் என்று சூடான காற்று தரும் பெட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிலிண்டரைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், திரும்ப மாட்டத் தேவையான புது சீல்களை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு இன்ஜின் தேடுங்கள்.