தங்கைக்குப் பத்து நாள் ஆனாலும் உதிரப்போக்கு நிற்பதில்லை, வீட்டில் 'உடம்புச் சூடு' என்கிறார்கள். பரம்பரை ரத்த உறைதல் கோளாறாக இருக்குமா?

இருக்கலாம். எனக்கு அதுதான். வான் வில்லிபிராண்டு நோய் என்று பெயர். பரம்பரை ரத்தக் கசிவுக் கோளாறுகளில் அதிகம் பேருக்கு இருப்பதே இதுதான், ஆனால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் ஹீமோபீலியாவையாவது சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள், இதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஹீமோபீலியா பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்கும், இது இரு பாலருக்கும் வரும், மாதாமாதம் அவதிப்படுவது நாம்தான்.

சின்ன வயதில் எனக்குச் சித்திரை வெயிலில் சில்லுமூக்கு உடைந்தால் லேசில் நிற்காது. அறுப்பு நேரத்தில் அரிவாள் கொஞ்சம் கீறினாலே துணி நனைந்துவிடும், எங்கே இடித்துக்கொண்டோம் என்றே தெரியாமல் தொடையில் ரத்தக்கட்டு இருக்கும். வயதுக்கு வந்த பிறகு உங்கள் தங்கை கதைதான். அம்மாவும் பாட்டியும் பயப்படவே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கும் அப்படியே. "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான்டி" என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்தார்கள்.

அதனால் டாக்டரிடம் போகும் முன் அம்மா, பாட்டி, சித்தி எல்லோரையும் கேளுங்கள்: எத்தனை நாள் போகும், பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா, பல் பிடுங்கியபோது நின்றதா? எழுதிக்கொண்டு போங்கள். 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ அது சூடு இல்லை, பார்த்தே ஆக வேண்டும்.

எனக்கு முதலில் ஸ்கேனும் தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எண்ணிக்கையும் பார்த்து, எல்லாம் நார்மல் என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். இந்த நோயில் தட்டணு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அவை காயத்தில் ஒட்டிக்கொள்ள உதவும் வான் வில்லிபிராண்டு ஃபேக்டர் என்ற புரதம்தான் குறைவு, அல்லது சரியாக வேலை செய்யாது. ரத்தவியல் டாக்டரிடம் அந்த ஃபேக்டரின் அளவு, அது வேலை செய்யும் திறன், ரத்தம் உறைய உதவும் இன்னொரு புரதமான ஃபேக்டர் 8 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நோய்தான், 30 முதல் 50 வரை இருந்து ரத்தக் கசிவும் இருந்தால் அதையும் நோயாகவே எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல், பதற்றம், கர்ப்பம் இருந்தால் அளவு ஏறிக் காட்டும், அதனால் ஒரு தடவை சரியாக வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்த நாட்களில் டாக்டர் சொன்னபடி உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை போடுகிறேன், பள்ளிக்கூட வேலைக்கு லீவு போடுவதில்லை. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ரத்தக் கசிவைக் கூட்டும் ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் தொடுவதில்லை, மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவர் எடுத்துக் கொடுத்தாலும் சரி. நாளைக்குத் தங்கைக்குப் பிரசவம் என்று வந்தால் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் போல ரத்த வங்கி உள்ள இடமாகப் பாருங்கள். கர்ப்பத்தில் ஏறிய அளவு குழந்தை பிறந்த பின் இறங்கிவிடும், வீட்டுக்கு வந்த பிறகுகூட உதிரம் பெருகலாம்.

அப்புறம் கல்யாணம். மாமன் மகனுக்கே பேசி வைத்திருந்தால் அவருக்கும் அந்த டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள். சாதாரண வகை ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும், பாதிப் பாதி வாய்ப்பு. இரண்டு பக்கமும் குறை இருந்தால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும் கடுமையான மூன்றாம் வகையோடு குழந்தை பிறக்கலாம். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், எங்கள் வீட்டிலும் சுளித்தார்கள். பரவாயில்லை, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.